வடக்கு அறையில் புகை

வெள்ளி, பிற்பகல் 2 மணி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த ஹனீஃபா, வாசலில் குடையை மடக்கும்போதே நாற்றம் முகத்தில் அடித்தது. ஆயுசெல்லாம் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்த மூக்கு அது. பச்சைத் தோல், பதனிட்ட தோல், சுண்ணாம்புத் தொட்டி என்று ஒவ்வொன்றின் நாற்றமும் அதற்கு அத்துப்படி. இது தோல் கருகும் நாற்றம். ஜவ்வாது மலையில், புளியந்தோப்புக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டில், தோல் கருக எந்த நியாயமும் இல்லை.

"ஃபக்ரு!" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினார்.

கூடத்துக்கு வடக்கே இருந்தது அவரும் மனைவியும் படுக்கும் அறை. கதவுக்கு அடியிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது. தள்ளினார், உள்ளே தாழ்ப்பாள். தனியாக இருக்கும்போது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். தோளால் இடித்தார். மறுபடியும் இடித்தார். கதவு கீலோடு பெயர்ந்து விழுந்தது.

ஃபக்ருன்னிசா கட்டிலில் இல்லை. கொல்லைப் பக்கம் திறக்கும் பின்கதவின் காலடியில் சுருண்டு கிடந்தார். விரல்கள் கதவிடுக்கில் இருந்தன. அந்தக் கதவுக்கு வெளியே யாரோ சங்கிலியை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு புது மண்சட்டி புகைந்துகொண்டிருந்தது.

சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் வழியாக ஓடி, வாசல் மழையில் வீசினார் ஹனீஃபா. வலது உள்ளங்கை வெந்துபோனது அவருக்கு வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மனைவிக்கு மூச்சு இருந்தது. ஆனால் அது மூச்சா விசிலா என்று சொல்ல முடியவில்லை. ஃபக்ருன்னிசாவுக்கு ஏற்கெனவே இளைப்பு. மலைக் குளிர் ஆகவில்லை என்றுதான், இந்த வீட்டை விற்றுவிட்டு வாணியம்பாடியில் மகள் காஷிஃபா பக்கத்தில் போய்விட இரண்டு வருஷமாக முயன்றுகொண்டிருந்தார்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள், வீட்டை விற்றுப் பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆக்சிஜன் வைத்த டாக்டர் ஹனீஃபாவைத் தனியாகக் கூப்பிட்டார். "கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆகணும் பாய். இங்க இருக்கிற சிலிண்டர் நாளைக் காலை வரைக்கும்தான் தாங்கும்."

போவதற்கு வழி இல்லை. ஆலங்காயம் பாதையில் மண் சரிந்து கிடந்தது. அமிர்திப் பக்கம் மரங்கள் விழுந்திருந்தன. போளூர்ப் பக்கம் தரைப்பாலத்துக்கு மேலே வெள்ளம். மூன்றும் அன்று முற்பகலிலேயே அடைபட்டுவிட்டன. மலையை யாரோ மூடி போட்டு மூடிவிட்டாற்போல இருந்தது.

3 மணி

சப்-இன்ஸ்பெக்டர் ரம்யாவை இந்த மலைக்கு மாற்றியபோது ஒரு வருஷம்தான் என்றார்கள். எந்த வருஷம் என்று சொல்லவில்லை. வேலூரில் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசைக்குத் தீனியாக, மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல அவர் வீடு விற்பனை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவார்.

இதை ஏட்டு பூவரசன் அறிவார். அதனால் ஜீப்பை ஓட்டியபடியே தன் போனை நீட்டினார்.

"பாய் வூட்டு வீடியோ மேடம். வாணியம்பாடி புரோக்கர் நவீன்குமார் எடுத்தது. எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு மாசமா சுத்திக்கினு கீது."

குலுங்கும் ஜீப்பில் ரம்யா அதைப் பார்த்தார். மேலேயிருந்து புளியந்தோப்பு. கிழக்கு பார்த்த ஓட்டு வீடு. வாசலில் வெள்ளைத் தாடியோடு ஹனீஃபா, இடது கையால் டீ டம்ளரை நீட்டி, வாய் நிறையச் சிரிக்கிறார். பிறகு கூடம், சமையலறை, பச்சை அலமாரி வைத்த படுக்கையறை, அதற்கு நேர் எதிரே விருந்தாளி அறை. "அக்னி மூலையில் சமையலறை! வாஸ்துப்படி நூற்றுக்கு நூறு!" என்று ஒரு குரல் குதூகலித்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். வீட்டுக்கு எத்தனை என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ரம்யா சமையலறையை முதலில் பார்க்க நினைத்து இடப்பக்கம் திரும்பினார். அங்கே தொழுகைப் பாய்கள் விரித்த ஒரு சின்ன அறைதான் இருந்தது.

"அந்தாண்ட மேடம்," என்றார் பூவரசன், வலப்பக்கம் கைகாட்டி. "புது வூட்ல இப்டித்தான் தடுமாறும்."

ரம்யாவுக்கு உள்ளுக்குள் எதுவோ இடித்தது. எது என்று பிடிபடவில்லை.

வலப்பக்கம், அதாவது வடக்கே, முன்னால் சமையலறை, அதற்குப் பின்னால் கணவனும் மனைவியும் படுக்கும் அறை. தெற்கே, முன்னால் தொழுகை அறை, அதற்குப் பின்னால் விருந்தாளி அறை. ஹனீஃபாவும் காலமான அவருடைய தம்பியும் ஒன்றாக இருப்பதற்காகக் கட்டிய வீடு. அதனால் இரண்டு பாதியும் அச்சில் வார்த்தவை. பின்னறைகள் இரண்டுக்கும் கொல்லையில் திறக்கும் கதவு உண்டு. உள்தாழ்ப்பாள் கிடையாது, வெளியே சங்கிலி மட்டும்.

தெற்கு அறையின் சங்கிலி துருப்பிடித்து இறுகியிருந்தது. அறைக்குள் கட்டிலும் பாலித்தீன் உறை போட்ட மெத்தையும் தவிர ஒன்றுமில்லை. வடக்கு அறையின் சங்கிலி, கொல்லைக் குழாய்க்குப் போய்வர வசதியாகப் பகல் முழுக்கச் சும்மா தொங்கும் என்று பிறகு ஹனீஃபா சொன்னார். இன்று யாரோ அதை மாட்டியிருந்தார்கள்.

கதவை ஒரு சாண் திறந்து, சட்டியை உள்ளே தள்ளி, மூடி, சங்கிலியை மாட்டியிருக்கிறான். கதவை ஒட்டி, வர்ணம் பூசாத முதுகைக் காட்டி நின்றது பச்சை அலமாரி. அது கட்டிலை முழுக்க மறைத்தது. கொல்லையில் கால் தடங்களை மழை கழுவிவிட்டது. உடைந்த சட்டியில் அடியில் கரி, மேலே கருகிய தோல் துண்டுகள். செருப்புக்குத் தோல் அறுத்தபின் மிஞ்சும் கழிவு.

"தோல் வியாபாரி வூட்ல தோல் எரியுது," என்றார் பூவரசன். "பொண்டாட்டி ரெண்டு வருசமா நோயாளி. எனக்கு இன்னாவோ பாய் மேலதான் டவுட்டு."

"கொல்றதுக்குச் சட்டி வெச்சவரு, அதே சட்டியை வெறுங்கையால தூக்குவாரா?"

பூவரசன் யோசித்துவிட்டு அந்தச் சந்தேகத்தை அங்கேயே கைவிட்டார். நல்ல ஏட்டு அவர். தப்பான யோசனையை ரொம்ப தூரம் சுமக்க மாட்டார்.

4 மணி

சுகாதார நிலைய வராந்தாவில் ஹனீஃபா உட்கார்ந்திருந்தார். கையில் பெரிய கட்டு. உள்ளே முகமூடிக்குப் பின்னால் ஃபக்ருன்னிசா கண்மூடிக் கிடந்தார். யாரோ வாங்கி வந்த பிளாஸ்கிலிருந்து ஹனீஃபா ஒரு டம்ளரில் டீ ஊற்றி, கட்டுப்போட்ட கையாலேயே தூக்கினார். டம்ளர் சாய்ந்து, பாதி டீ கட்டின் மேலேயே சிந்தியது.

"அந்தக் கையால வேணாம் சார். இடது கையால குடுங்க, பரவால்ல."

"அது எங்களுக்குப் பழக்கம் இல்லம்மா. வூட்டுக்கு வர்றவங்களுக்கு இடது கையால எதையும் குடுத்ததில்ல. கை போனாலும் வலது கைதான்."

ரம்யா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க தொழுகைக்குப் போவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமைன்னா ஊருக்கே தெரியும். ஆனா அந்த மூணு பேருக்கு நானே போன்ல சொன்னேன். புரோக்கருங்க. ஒரு வூட்டுக்கு மூணு புரோக்கர் இன்னாத்துக்குப்பா, நல்லவரா ஒருத்தரைப் பாத்து ஒப்படைச்சிடுன்னு காஷிஃபா சொன்னா. ஜும்ஆவுக்குப் போய்ட்டு வந்துடறேன், நாலு மணிக்கு வாங்க, யாருன்னு சொல்லிடறேன்னு சொன்னேன். மூணு பேரும் காலைலயே மலைமேல வந்துட்டாங்க."

"யாரைச் சொல்றதா இருந்தீங்க?"

"மோகனை. ஆலங்காயம். போன மழைக்காலம் முழுக்க நாங்க மக வூட்ல இருந்தோம். சாவி அவர்கிட்டதான் இருந்துச்சி. நாலு பார்ட்டியைக் கூட்டிட்டு வந்து வூட்டைச் சுத்திக் காட்டியிருக்காரு. யாருக்கும் புடிக்கல, அது அவர் தப்பா? வாராவாரம் போன் பண்ணி ஃபக்ரு உடம்பைக் கேப்பாரு. என்னை அப்பான்னுதான் கூப்புடுவாரு."

"மத்த ரெண்டு பேரு?"

"கோபால்சாமி இந்த மலைக்காரன். நல்லவன்தான், ஆனா நாக்குல சனி. வர்ற பார்ட்டிகிட்ட கிணறு சித்திரைல வத்திடும்னு முதல்ல சொல்லிடுவான். நவீன்குமார் சின்னப் பையன், சினிமா மாதிரி வீடியோ எடுத்தான். பெங்களூர் பார்ட்டி ஒண்ணு அதைப் பாத்துட்டு நாளைக்கு வர்றதா இருந்துச்சி." அவர் குரல் உடைந்தது. "எனக்கு வெலையெல்லாம் வேணாம்மா. அவளை இங்கேர்ந்து எறக்கணும், அவ்வளவுதான். ரெண்டு வருசமா ஒரு பொறியில மாட்டின மாதிரி கெடக்கறோம்."

4.30 மணி

மலையை விட்டு யாரும் இறங்க முடியாது. அதனால் மூவரையும் பிடித்துவர ரம்யாவுக்கு அலைச்சலே இல்லை. ஸ்டேஷன் முன்னறையில் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். அம்மாவின் அறையில் யாரோ புகை போட்டுவிட்டார்கள் என்பதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது என்று பூவரசனுக்கு உத்தரவு.

கோபால்சாமி வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்தார். சாமை விவசாயம், புளி வியாபாரம், நடுநடுவே வீட்டுத் தரகு.

"மதியம் எங்க இருந்தீங்க?"

"என் நெலத்துல. சாமைக்குத் தண்ணி நிக்குது, வாய்க்கா வெட்டினேன்."

"பாத்தவங்க?"

"மாடு பாத்துச்சி."

"பாய் உங்களுக்கு வூட்டைக் குடுக்க மாட்டாருன்னு தெரியுமா?"

"தெரியும். கிணறு வத்துது, நான் இன்னா பண்றது? வந்து குடியேறினவன் சித்திரைல என் வூட்டு முன்னாடி கொடத்தைத் தூக்கினு வந்து நிப்பான். நான் இங்கியே வாழறவன் மேடம், வித்துட்டு ஓடிப்போக முடியாது."

அடுத்தவர் நவீன்குமார். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் கேமரா பை. முகம் வெளுத்திருந்தது.

"மதியம்?"

"லாட்ஜ்ல. தனியாத்தான்."

"நீங்க வாணியம்பாடி. தோல் கழிவு உங்களுக்குச் சுலபமா கெடைக்கும்."

"எங்க ஊர்ல யாருக்கு மேடம் கெடைக்காது? என் பார்ட்டி நாளைக்கு வர்றாங்க. நானே என் வூட்டை நாத்தம் அடிக்க வெப்பேனா?"

"அந்த வீடியோவுல வேற எதாவது சொல்லணுமா?"

அவன் கேமரா பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். "இல்ல மேடம்."

பொய் சொல்கிறான் என்று ரம்யாவுக்குத் தெரிந்தது. எதைப் பற்றி என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது மோகன். தடித்த உடம்பு, கனிவான முகம். உட்காரும்போதே கண் கலங்கினார்.

"அம்மா எப்டி இருக்காங்க மேடம்?"

"பரவால்ல. நீங்க எப்போ மேல வந்தீங்க?"

"காலைல, பைக்ல. மண்ணு சரியறதுக்கு முன்னாடி. மழைன்னு பஜார்ல ஒரு டீக்கடைல ஒதுங்கிட்டேன்."

"பூரா நேரமுமா?"

"நடுவுல பெட்ரோல் கெடைக்குமான்னு ஒரு சுத்து போனேன்."

"வூடு உங்களுக்கு நல்லா தெரியும்?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் நடப்பேன். நாலு பார்ட்டிக்குக் காட்டியிருக்கேனே." கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "விதி மேடம். எதுக்குத்தான் அந்த ரூம்ல போய்ப் படுத்தாங்களோ!"

"பாய் உங்களைத்தான் தேர்ந்தெடுக்கறதா இருந்தாரு."

"அப்டிங்களா?" என்றார் மோகன். அவர் ஆச்சரியப்பட்டது ரம்யாவுக்கு உண்மையாகவே பட்டது.

6 மணி

மின்சாரம் போய்விட்டது. சுகாதார நிலையத்திலிருந்து வந்த செய்தி நல்லதாக இல்லை. முதல் சிலிண்டர் முடிந்து அடுத்ததை மாட்டிவிட்டார்களாம். வெளியே மழை கொட்டியது. மலையில் இருந்த அத்தனை பேரும், குற்றவாளி உட்பட, ஒரே பானைக்குள் கிடந்தார்கள். ரம்யாவுக்குத் தனக்கே மூச்சு முட்டுவதுபோல இருந்தது. கோபமும் வந்தது.

பூவரசனின் போனை வாங்கி மறுபடியும் வீடியோவைப் போட்டார். கிழக்கு பார்த்த வீடு. வாசல். ஹனீஃபாவின் சிரிப்பு. டீ டம்ளர்.

நிறுத்தினார். டம்ளர் பிடித்த கையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பூவரசன், ஸ்டேஷன்ல சாக்பீஸ் இருக்கா?"

"விபத்து நடந்தா ரோட்ல கோடு போடறது கீது மேடம்."

"எடுத்துட்டு வாங்க. அப்புறம் மோகனோட பைக் பெட்டியையும் நவீனோட பையையும் தெறந்து பாருங்க. நல்லா மோந்து பாருங்க."

முன்னறைச் சிமெண்டுத் தரையில், எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில், மூவரையும் மூன்று மூலையில் உட்கார வைத்தார். ஒருவர் வரைவது மற்றவருக்குத் தெரியாதபடி நடுவில் பெஞ்சுகள். "வாசலை என் பக்கமா வெச்சி, பாய் வூட்டை வரைங்க. எந்த ரூம் எங்கன்னு காட்டினா போதும்."

வரைந்துகொண்டிருக்கும்போதே ஹனீஃபா நனைந்தபடி உள்ளே வந்தார். அவருக்குப் போலீஸ், விசாரணை எதுவும் கண்ணில் படவில்லை. நேராக மோகனிடம் போனார்.

"போதும்ப்பா மோகன். யார் பண்ணாங்கன்னு கூட எனக்கு வேணாம். என்ன விலை வந்தாலும் சரி, நீயே வித்துடு. ரோடு தெறந்ததும் நாங்க போயிடறோம், திரும்ப அந்த வூட்டு வாசலை மிதிக்க மாட்டோம்." கட்டுப்போட்ட வலது கையை நீட்டினார். அதில் வீட்டுச் சாவி இருந்தது.

மோகனின் கை மேலெழுந்தது.

"வாங்காதீங்க," என்றார் ரம்யா. "பாய், ஒரு நிமிஷம். முதல்ல இந்தத் தரையைப் பாருங்க. இதுல எது உங்க வூடு?"

ஹனீஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். கோபால்சாமியின் படம் கோணல்மாணலாக இருந்தது. கிணற்றைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார். "இது என் வூடு." நவீன்குமார் ஸ்கேல் வைத்தாற்போல வரைந்திருந்தான். "இதுவும்." மோகனின் படத்துக்கு முன் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இல்லியே. சமையல் ரூம் வடக்கால இல்ல கீது? தெற்கால போட்டிருக்காரு. எங்க ரூமும் மாறிப் போச்சி."

"பதட்டத்துல மாறிடுச்சி அப்பா," என்றார் மோகன்.

"எல்லாமே மாறியிருக்கே," என்றார் ரம்யா. "சமையலறை, பாய் ரூம், விருந்தாளி ரூம், ஒண்ணு விடாம. பதட்டத்துல ஒண்ணு மாறும். மொத்த வூடும் கண்ணாடில பாக்கற மாதிரி மாறாது. ஆனா ஒரு எடத்துல அந்த வூடு இப்டியேதான் கீது." போனை உயர்த்திக் காட்டினார். "நவீன், நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நவீன்குமார் தலை குனிந்தான். "வூட்ல சமையலறை வடகிழக்குல, ஈசானிய மூலைல இருக்குது மேடம். வாஸ்து பாக்கற பார்ட்டி வீடியோலயே ஓடிடுவாங்க. அதனால... திருப்பிப் போட்டுட்டேன். இடது வலது மாத்தி, தென்கிழக்குல வர்ற மாதிரி. நேர்ல வந்து தோப்பைப் பாத்துட்டா புடிச்சிடும், அப்போ சமாளிச்சிக்கலாம்னு. எழுத்து திரும்பித் தெரியக் கூடாதுன்னு காலண்டரைக் கூட கழட்டி வெச்சிட்டுத்தான் எடுத்தேன்."

"காலண்டரைக் கழட்டினீங்க. பாயோட கையைக் கழட்ட முடியல. வெந்த கையால எனக்கு டீ குடுத்தவரு அவரு. இடது கையால குடுக்கவே மாட்டேன்னாரு. அவரு வீடியோவுல எப்டி இடது கையால டம்ளரை நீட்டுவாரு? இதுல நானே ஏமாந்தேன். வீடியோவைப் பாத்துட்டு வூட்டுக்குள்ள போய் சமையலறைன்னு நெனச்சி தொழுகை ரூம்ல நுழைஞ்சேன். நான் பண்ண அதே தப்பைத்தான் சட்டி வெச்சவனும் பண்ணான்."

ரம்யா போனை பெஞ்சில் வைத்தார்.

"யாரோ அம்மாவைக் கொல்லப் பாத்தாங்கன்னு நாம நெனச்சோம். யாரும் கொல்லப் பாக்கல. நவீனோட பார்ட்டி நாளைக்கு வருது. ஆளில்லாத விருந்தாளி ரூம்ல தோலை எரிச்சா பொணம் எரிஞ்ச மாதிரி நாத்தம். செவுத்துல ஏறினா வாரக்கணக்குல போகாது. தோல்னா பழி வாணியம்பாடிக்காரன் மேல. வீடியோப்படி விருந்தாளி ரூம் வடக்கால. அதனால கொல்லை வழியா வந்து வடக்குக் கதவைத் தெறந்து சட்டியைத் தள்ளிட்டு, புகை வெளிய போகாம சங்கிலியை மாட்டிட்டுப் போனான். உள்ள அம்மா தூங்கிட்டிருந்தாங்க." ரம்யா தரையில் இருந்த படங்களைக் காட்டினார். "கோபால்சாமி அந்த வூட்ல பொழுதன்னிக்கும் போய்வர்றவரு. நவீன் திருப்பினவரே. ரெண்டு பேருக்கும் அந்தத் தப்பு வராது. வூட்டைப் போன்ல மட்டும் பாத்த ஒரு ஆளுக்குத்தான் வரும். மோகன், நீங்க என்கிட்ட இன்னா கேட்டீங்க? 'எதுக்கு அந்த ரூம்ல போய்ப் படுத்தாங்க'ன்னு. அம்மா அவங்க ரூம்லதான் படுத்தாங்க. அவங்க வேற ரூம்ல படுத்ததா நெனச்சது, சட்டியை விருந்தாளி ரூம்ல வெச்சதா நம்பிட்டிருந்த நீங்க ஒருத்தர்தான்."

"நாலு பார்ட்டி?" என்றார் ஹனீஃபா. அவருக்கு அதுதான் முதலில் உறைத்தது. "நாலு பார்ட்டிக்குக் காட்டினேன்னு சொன்னியே மோகன்?"

வாசலில் பூவரசன் வந்து நின்றார். கையில் ஒரு சாக்குப் பை. "பைக் பெட்டில கெடந்துச்சி மேடம். அடியில இன்னும் ரெண்டு துண்டு தோலு ஒட்டிக்கினு கீது. மோந்து பாத்தேன். ராத்திரி சோறு எறங்காது."

மோகன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஓடலாம்தான். மூன்று பாதையும் மூடிக் கிடக்கும் மலையில் எங்கே ஓடுவது? மெதுவாகத் தரையில், தான் வரைந்த தலைகீழ் வீட்டின் மேலேயே, உட்கார்ந்துவிட்டார்.

"சத்தியமா அம்மா உள்ள இருக்காங்கன்னு தெரியாது அப்பா. அவங்க அந்தாண்ட ரூம்ல தூங்குவாங்க, சத்தம் போடக் கூடாதுன்னு பூனை மாதிரிதான் வந்தேன்."

"வூட்டுக்கு ஒரு தடவையாவது வந்திருக்கியா?"

மோகன் சாக்பீஸ் கோட்டைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். ரம்யா அதட்டியதும் எல்லாம் வந்தது. சாவி ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டு ஆணியில் தொங்கியது. வீடு கேட்டு வந்தவர்களிடம் வித்துப் போச்சு என்று சொல்லித் திருப்பியனுப்பினார். பெரியவர் நொந்து, அலுத்து, வந்த விலைக்குத் தள்ளிவிடும்போது ஒரு ரிசார்ட்காரருக்கு முடித்துத் தருவதாகப் பேச்சு. அதற்குள் நவீன்குமார் பெங்களூரிலிருந்து ஆள் பிடித்துவிட்டான். தன்னைத்தான் ஹனீஃபா தேர்ந்தெடுக்கப் போகிறார் என்பது மட்டும் முன்பே தெரிந்திருந்தால் சட்டிக்கு அவசியமே இருந்திருக்காது.

ஹனீஃபா கத்தவில்லை. நீட்டிய சாவியை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டார். "ரெண்டு வருசம்," என்றார். "என் பொண்டாட்டி ரெண்டு குளிர்காலம் அங்க இருமிக்கினு கெடந்தா. வாராவாரம் போன் பண்ணி அவ உடம்பைக் கேட்டியே, அது எதுக்குடா? இன்னும் எவ்வளவு நாள் தாங்குவோம்னு பாக்கவா?"

சனி, காலை

கடைசிச் சிலிண்டர் பாதிக்கு வந்தபோது ஆலங்காயம் பாதையில் பொக்லைன் மண்ணைத் தள்ளி வழிவிட்டது. முதலில் ஏறி வந்த வண்டி ஆம்புலன்ஸ். மழை விட்டிருந்தது. ஃபக்ருன்னிசா கண் திறந்திருந்தார்.

ஸ்ட்ரெச்சரை ஏற்றும்போது கோபால்சாமி ஓரமாக நின்றார். ஹனீஃபா அவரைக் கூப்பிட்டு, வெந்த கையாலேயே சாவியைக் கொடுத்தார்.

"நீயே பாத்துக்க."

"பாய், யோசிச்சிக்கோ. நான் கிணறு வத்துறதைச் சொல்லித்தான் விப்பேன்."

"சொல்லு. பொகை போட்ட கதையையும் சொல்லு."

பின்னால் நின்ற நவீன்குமார் தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். "நான் திரும்ப எடுத்துத் தர்றேன் பாய். நேரா. கமிஷன் வேணாம்."

"எடு," என்றார் கோபால்சாமி. "கிணத்தைக் கிட்டக்க எடு."

ரம்யாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. நேற்றிலிருந்து முதல் சிரிப்பு. வேலூரில் வீடு வாங்கும்போது இப்படி ஒரு ஆள் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

ஹனீஃபா உள்ளே ஏறி மனைவியின் தலைமாட்டில், பக்கவாட்டுக் கதவை ஒட்டி உட்கார்ந்தார். நர்ஸ் கதவைச் சாத்தப் போனார். கதவு பாதி மூடும்போதே ஃபக்ருன்னிசாவின் உடம்பு தூக்கிப் போட்டது. முகமூடியைப் பிய்த்து எடுத்தார்.

"வேணாம். சாத்தாதீங்க. சாத்தாதீங்க."

"தெறந்து வெச்சிக்கினு மலை எறங்க முடியாதும்மா," என்றார் டிரைவர்.

நர்ஸ் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். ரம்யா படியில் ஏறி, கதவின் உட்புறத்தைக் காட்டினார். "அம்மா, இங்க பாருங்க. இதுக்கு உள்பக்கமும் கைப்பிடி இருக்கு. வெளிய யாரும் எதையும் மாட்ட முடியாது. பாய், தெறந்து காட்டுங்க."

ஹனீஃபா கதவைச் சாத்தி, கைப்பிடியைத் திருகினார். கதவு திறந்தது. காலை வெயிலும் ஈரக் காற்றும் உள்ளே வந்தன.

ஃபக்ருன்னிசா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை," என்றார்.

ஹனீஃபா இன்னொரு தடவை திறந்து காட்டினார். அதன் பிறகுதான் முகமூடியை வைக்க விட்டார் ஃபக்ருன்னிசா. வண்டி கிளம்பியது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் கண் கணவரின் கைக்குப் போய்ப் போய் வந்தது. ஆலங்காயம் வரும்வரை ஹனீஃபா, கட்டுப்போட்ட அந்தக் கையை, கைப்பிடியிலிருந்து எடுக்கவே இல்லை.